மழையைப் பற்றி நான் எழுதிக்கொடுத்த பதில்

வாசிப்பவரே, உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை, சாட்சியாக அழைக்கிறேன். நடுவர் முன் எப்படிப் பேசுவது என்று எனக்கு எட்டு வயதிலிருந்தே தெரியும். வணக்கம் சொல்லும்போது எவ்வளவு குனிவது, எந்தச் சொல்லில் குரலை ஏற்றுவது, எச்சரிக்கை மணி அடித்தபின் எஞ்சும் ஒரு நிமிடத்தில் எதை வைத்து முடிப்பது என்பதெல்லாம் எனக்குக் கைவந்தவை. சாட்சியின் முன் பேசிப் பழக்கமில்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கேயாவது நான் என் பக்கத்தை அழகுபடுத்துவது தெரிந்தால், அந்த இடத்தில் என்னை நம்பவேண்டாம்.

கிழக்கு லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போன எவருக்கும் பேச்சுப் போட்டி எப்படி நடக்கும் என்று தெரியும். தலைப்பு ஒரு மாதம் முன்பே வீட்டுக்கு வந்துவிடும். பேச்சை எழுதுவது பிள்ளை அல்ல. அப்பாவோ அம்மாவோதான் எழுதுவார்கள். பிள்ளையின் வேலை அதைப் பாடமாக்குவது, எந்த வரியில் கை உயரவேண்டும் என்பதை நினைவில் வைத்திருப்பது, தடுமாறாமல் ஒப்புவிப்பது. கடையில் பால் வாங்கும் அளவுக்குக்கூடத் தமிழ் பேசவராத பிள்ளைகள் மேடையேறி அறத்தைப் பற்றி முழங்கிவிட்டுக் கேடயத்தோடு இறங்குவார்கள். இதில் ஒருவரும் குற்றம் காண்பதில்லை. நானும் கண்டதில்லை. எனக்கு அப்பா எழுதித் தந்தார், நான் வென்றேன். பின்னர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில விவாத அணிக்குத் தலைவனானபோது எழுதுவதும் ஒப்புவிப்பதும் நானே என்றாயிற்று. எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் பேசினேன். எந்தப் பக்கம் சரியென்று யாராவது கேட்டால், நான் நிற்கும் பக்கம் என்று சொல்லிச் சிரிப்பேன்.

கனேரி வார்ஃபில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் எனக்கு வேலை. சென்ற இலையுதிர் காலத்தில் அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆப்பிரிக்க நகரங்களில் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு லண்டனிலிருந்து காணொளி வழியே வழிகாட்டத் தன்னார்வலர்கள் தேவை என்றது. முன்வந்தவர்களில் பெரும்பாலோர் கணக்கியலோ பொறியியலோ படித்தவர்கள். விண்ணப்பத்தில், 'நீங்கள் கற்றுத்தரக்கூடியது என்ன?' என்ற கட்டத்தில் நான் 'பேச்சு' என்று ஒரே ஒரு சொல்லை எழுதினேன். அந்த ஒரு சொல் போதும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

எனக்கு ஒதுக்கப்பட்டவர் கென்யாவில், விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள கிசுமு நகரத்துப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஃப்ரிட்ஜ் திருத்தும் கடையில் நீண்ட காலம் வேலை செய்தவர். எறியப்பட்ட பழைய உறைபெட்டிகளை அறுத்துச் சிறிதாக்கி, மேலே ஒரு சோலார் தகடும் உள்ளே ஒரு பற்றரியும் பொருத்தி, சந்தையில் மீன் விற்கும் பெண்களுக்காக ஒரு குளிர்பெட்டி செய்திருந்தார். அன்றைய மீன் அன்றே போகாவிட்டால் அழுகிவிடும் என்ற பயத்தில் மாலையானதும் கேட்ட விலைக்குத் தள்ளிவிடும் பெண்கள், இந்தப் பெட்டி இருந்தால் மறுநாள் காலை வரை பொறுத்திருக்கலாம். எட்டுப் பெண்களிடம் எட்டுப் பெட்டிகள் இருந்தன.

திட்டத்தின் முடிவில் ஒவ்வொருவரும் லண்டனில் உள்ள ஒரு தேர்வுக் குழுவின் முன் ஆறு நிமிடம் பேசவேண்டும். தேர்வானால் ஒரு பட்டறையில் ஓராண்டு இடம், கருவிகள், உதவிக்கு ஒரு பொறியியலாளர். அவருக்கு வேண்டியிருந்தது அந்தப் பட்டறைதான். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். ஆனால் அவருடைய கிண்டலும் இழுவையும் என் காதில் எங்கள் வீட்டுப் பேச்சாகவே விழுந்தன, அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு ஆக்கள் கைதட்டத் தேவையில்லை, முவாலிமு," என்றார் முதல் நாளே. "ஒரு நல்ல வெல்டிங் மெசினும் பற்றரி தெரிஞ்ச ஒரு ஆளும் கிடைச்சால் காணும்."

முவாலிமு என்றால் அவர்கள் மொழியில் ஆசிரியர். தன்னைவிட இளையவனைக் கேலியாகத்தான் அப்படிக் கூப்பிட்டார். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் எனக்குக் காலை ஒன்பது, அவருக்கு நண்பகல். ஈஸ்ட் ஹாமில் அக்காவின் கடைக்கு மேலே உள்ள அறையில் நான். பின்னால் மோட்டார் சைக்கிள்கள் இரையும் ஒரு தகரக் கொட்டகையில் அவர். மூன்றாவது சனிக்கிழமை நான் கேட்டேன்: "எதிரணி உங்களை எந்த இடத்தில் பிடிக்கும்?"

"எதிரணியோ? ஆர் அது?"

"தேர்வுக் குழு. அவர்கள் உங்களை விழுத்தத்தான் பார்ப்பார்கள்."

அவர் சற்று யோசித்தார். பிறகு மறைக்காமல் சொன்னார். போன மழைக்காலத்தில் ஒரு வாரம் முழுக்க வானம் மூடிக்கிடந்ததாம். பற்றரிகள் போதிய அளவு ஏறவில்லை. இரண்டு பெட்டிகள் விடியுமுன் சூடாகிவிட்டன. அதில் ஒன்று, மஞ்சள் தலைத்துணி கட்டும் ஒரு பெண்ணுடையது. அன்று அவர் நம்பி வைத்திருந்த மீன் முழுவதும் போயிற்று.

"மூடியைத் திறந்த உடனை மணம். அவ என்னைத் திட்டேல்லை. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் போச்சு. பெட்டியைக் கொண்டு போ எண்டு மட்டும் சொன்னா. நான் கெஞ்சினன். பற்றரியை மாத்தித் தாறன், இன்னொருக்கால் பாருங்கோ எண்டு காலைப் பிடிக்காத குறை. அதுக்குப் பிறகுதான் வைச்சுக்கொண்டா."

"இப்போது சரியாகிவிட்டதா?"

"வெயில் காலத்தில எல்லாம் சரிதான், முவாலிமு. அடுத்த மழைக்கு என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியாது. அதுக்குத்தானே பட்டறை கேக்கிறன்."

ஒரு நல்ல ஆசிரியன் அந்த இடத்தில் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு அந்த வாரத்தைப் பற்றி இன்னும் பத்துக் கேள்வி கேட்டிருப்பான். நான் எழுதுகோலை எடுத்தேன். குறிப்பேட்டில் 'பலவீனங்கள்' என்று தலைப்பிட்டு, அதன் கீழே 'மழை' என்று எழுதி, அதற்கு எதிரே ஒரு பதிலை அமைக்கத் தொடங்கினேன். மேடையின் முதல் பாடம் இது: உன் பலவீனத்தை நீயே எடுத்துச் சொல்லாதே, கேட்கப்பட்டால், உண்மையான வேறொன்றைச் சொல்லி நகர்ந்துவிடு. அரை மணி நேரத்தில் பதில் தயார். நான் எழுதியவற்றிலேயே சிறந்தது அது என்று அப்போது எண்ணினேன்.

"எங்கள் பெட்டியைப் பெற்ற எட்டுப் பெண்களில் ஒருவர்கூட, மழைக்காலம் உட்பட, இன்றுவரை அதைத் திருப்பித் தரவில்லை. ஒரு பொருளின் தரத்தை அதைப் பயன்படுத்தும் கைகளைவிட நன்றாக யார் அறிவார்?"

திரையில் அதை அவர் இரண்டு முறை வாசித்தார்.

"ஒரு சொல்லும் பொய்யில்லை," என்றேன்.

"ஓம். பொய்யில்லைத்தான்." காதில் கிடந்த தோட்டைத் திருகிக்கொண்டிருந்தார். "ஆனா நான் கெஞ்சினபடியால்தானே அவ திருப்பித் தரேல்லை."

"அதைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. 'கைகள்' என்று சொல்லும்போது உங்கள் வலது கையை இப்படி விரியுங்கள்."

அவர் கையை விரித்துப் பார்த்தார். கொஞ்சம் சிரித்தார். "சரி. நீங்கள்தானே முவாலிமு."

அடுத்த ஐந்து வாரமும் பாடமாக்கல்தான். மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் போகும்போதெல்லாம் முணுமுணுப்பதாகவும், ஓட்டுபவர், பின்னால் இருப்பவருக்குப் பேய் பிடித்துவிட்டதோ என்று திரும்பிப் பார்ப்பதாகவும் சொன்னார். பன்னிரண்டு கேள்விகளுக்குப் பன்னிரண்டு பதில்கள். எல்லாம் நான் எழுதியவை. அவர் தானாக ஒரு சொல்லை மாற்றினால் நிறுத்தி, திருத்தி, மறுபடி சொல்லவைத்தேன்.

அக்காவிடமும் அந்தப் பதிலைச் சோதித்துப் பார்த்தேன். அக்காவின் கடையில் பின்பக்கம் மீன் பகுதி. ஜெர்மனியிலிருந்து எங்கள் குடும்பம் லண்டனுக்கு வந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. இன்றும் அவசரமாக எண்ணும்போது ஜெர்மன் மொழியில்தான் எண்ணுவார். அன்று ஐஸ் வாரிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"என்னடா, சனிக்கிழமையில ஆரோட மேல நிண்டு கத்துறாய்? அந்தப் பிள்ளை மீன்பெட்டி செய்யிறாளோ, கச்சேரி பழகிறாளோ?"

"பெட்டிதான் அக்கா. சோலாரில ஓடுது."

"சோலாரோ? அப்ப மழைக்கு?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல் நிமிர்ந்து நின்று, கையை விரித்து, அந்தப் பதிலை ஆங்கிலத்தில் ஒப்புவித்தேன். அக்கா ஐஸ் வாருவதை நிறுத்திவிட்டார்.

"ஒருத்தரும் திருப்பித் தரேல்லையோ? மழைக்கும்?"

"ஒருத்தரும் தரேல்லை."

"அப்ப கெட்டிக்காரிதான். எனக்கும் ஒண்டு அனுப்பச் சொல்லன், வெளியில சந்தை போடுற நாளுக்குக் கொண்டுபோக."

முப்பது வருடமாக மீனோடு வாழ்பவர் ஒரே வாக்கியத்தில் மனம் மாறினார். நான் படியேறியபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது.

தேர்வு நாள் பெப்ரவரியில், ஓல்ட்கேட் அருகே ஓர் அலுவலகத்தின் நான்காவது மாடியில். மேசையைச் சுற்றிக் குழுவினர் ஐந்து பேர். சுவரில் பெரிய திரை. கடைசி வரிசையில் வழிகாட்டிகள். குழுவின் தலைவர் நரைத்த கூந்தலைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி. மேற்கு ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் தொழில் நடத்தியவர் என்று சொல்லியிருந்தார்கள். கிசுமுக்காரர் திரையில் தோன்றி, ஆறு நிமிடத்தையும் ஒரு சொல் பிசகாமல் பேசி முடித்தார். நான் உதடசைத்தபடி கூடவே பேசினேன்.

தலைவர் குறிப்பேட்டைப் பார்க்காமலே கேட்டார்: "மழைக்காலத்தில் ஒரு பெட்டியாவது வேலை செய்யாமல் போனதுண்டா?"

நான் தயார் செய்த கேள்வி இதுவல்ல. 'மழைக்காலத்தில் பெட்டி எப்படி இயங்குகிறது?' என்று கேட்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இந்தக் கேள்விக்கு ஆமென்றோ இல்லையென்றோ ஒரு பதில்தான் உண்டு. திரையில் அவர் கண்கள் ஒரு கணம் ஒதுங்கின. அறைக்குள் என்னைத் தேடுகிறார் என்று பட்டது. என்னை அவரால் பார்த்திருக்க முடியாது. பிறகு வலது கை விரிந்தது. எட்டுப் பெண்கள், திருப்பித் தராத பெட்டிகள், நன்றாக அறிந்த கைகள். எல்லாம் வரிசையாக வந்தன. தலைவர் மெல்லத் தலையாட்டி ஏதோ எழுதினார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

திங்கட்கிழமை மதியம் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் அழைத்தார். அவர் கோயம்புத்தூர்க்காரர், நல்ல செய்தி என்றால் மட்டும் என்னோடு தமிழில் பேசுவார்.

"வாழ்த்துகளுங்க! உங்க ஆளு பின்னிட்டாங்க போங்க. செலக்ட் ஆயிட்டாங்க."

"பட்டறையில் இடம் கிடைத்துவிட்டதா?"

"அதுக்கும் மேலங்க. பட்டறையே வேண்டாம்னுட்டாங்க. மழையிலயே ஒரு பெட்டிகூட ஃபெயில் ஆகலைன்னா, அப்புறம் ஒரு வருஷம் உக்காந்து எதைத் திருத்தறதுன்னு தலைவர் கேட்டாங்க. நேரா நாப்பது பெட்டி. ஏரியில ரெண்டு தீவு இருக்குதாமே, அங்க. ஏப்ரலுக்குள்ள."

மேசை நாட்காட்டியைப் பார்த்தேன். ஏப்ரல் என்றால் அங்கே பெருமழைக் காலம்.

"ஏங்க, சந்தோஷமா இல்லையா?"

"இருக்கிறது," என்றேன். "நன்றி."

"வியாழக்கிழமை குழு கூடி முடிவு பண்ணிருவாங்க. அவங்களும் வீடியோ கால்ல வருவாங்க. நீங்களும் வந்துருங்க."

அன்று மாலை டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் நின்றுகொண்டே கிசுமுக்காரரின் குரல் பதிவைக் கேட்டேன். சுற்றிலும் அவ்வளவு கூட்டம். காதுக்குள் அந்தக் குரல் மட்டும் தனியே.

"முவாலிமு, செய்தி வந்தது. அந்தத் தீவுகளுக்குப் படகில போகவேணும். அங்க ஒரு மெக்கானிக்கும் இல்லை. இஞ்ச பெட்டி பழுதானால் நான் ஓடிப்போய்ப் பாப்பன். அங்க பழுதானால் மூடியைத் திறக்கிற அந்தப் பொம்பிளையள் மட்டும்தான் நிப்பினம். நாப்பது பேர். என்ரை பேரை நம்பி. நான் என்ன சொல்லுறது இப்ப? இதுக்கும் ஒரு பதில் எழுதி வைச்சிருக்கிறியளோ?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கிண்டலாக எடுத்துக்கொண்டிருக்கவேண்டும். நான் வேண்டுகோளாக எடுத்துக்கொண்டேன். ஈஸ்ட் ஹாமில் இறங்கி, அறைக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுதத் தொடங்கினேன்: "தீவுகளின் போக்குவரத்துச் சிக்கல்களைக் கருத்தில் கொண்டு, விரிவாக்கத்தைக் கட்டம் கட்டமாக மேற்கொள்வதே பொருத்தமெனக் கருதுகிறோம்." மழை என்ற சொல் அதில் இல்லை. பழுது என்ற சொல்லும் இல்லை. குழுவும் நாற்பது பெட்டியைப் பின்போடும். நாங்களும் பின்வாங்கியதாகத் தெரியாது. அனுப்பினேன்.

மறுநாள் காலை அழைத்தார். வழக்கமான சிரிப்பு இல்லை.

"இதையும் நான் பாடமாக்கவோ?"

"சின்னதுதானே. நான்கு வரிதான்."

"நான் கேக்கிறன், வசனத்தை வடிவாய்ச் சொன்னால் பெட்டிக்குள்ள குளிர் வந்திடுமோ? அண்டைக்கு அந்தத் தலைவர் கேட்டவ, ஒரு பெட்டியாவது ஓடாமல் நிண்டதோ எண்டு. ஓம் எண்டு சொல்ல என்ரை வாய் திறந்தது. உங்கடை வசனம்தான் வெளியில வந்தது. எத்தனை தரம் பாடமாக்கினன், அது தன்ரை பாட்டில வந்திட்டுது."

எழுதியிருந்த நான்கு வரிகளைத் திரும்பப் பார்த்தேன். எப்படிப்பட்ட கேள்விக்கும் மறுமொழி உள்ளவன் என்று என்னைப் பற்றி நானே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

"உண்மையைச் சொன்னால் உங்கள் இடம் போய்விடலாம்," என்றேன் கடைசியில். "பட்டறையும் போய்விடலாம்."

"தெரியும்."

"நான் சொல்லிவிடட்டுமா? குழுவிடம்?"

"இல்லை. பெட்டி என்ரை. மழையில என்ன நடந்தது எண்டு நான் சொல்லுவன். ஆனா அந்த வசனம் ஆரின்ரை எண்டதை நீங்கள் சொல்லவேணும். எல்லாருக்கும் முன்னால. எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதை எனக்கு ஒரு ஆள் பழக்கினது எண்டு அவைக்குத் தெரியவேணும்."

செவ்வாய், புதன் இரண்டு நாளும் எனக்கு வேலை ஓடவில்லை. அலுவலகத்தில் ஒரே ஆவணத்தை மூன்று முறை திறந்து மூடினேன். வழிகாட்டிகளில் பாதிப்பேர் என் அலுவலகத்துக்காரர்கள். அவர்கள் முன்னால்தான் சொல்லவேண்டும். ஒரு பக்கம் அந்த வெட்கம். இன்னொரு பக்கம் அதைவிடப் பெரிய பயம்: நாளை அவர் எல்லாவற்றையும் இழந்தால், அதை இழக்கச் செய்தவன் நான். அவர் உண்மையைச் சொல்லாமல் விட்டால், ஏப்ரலில் எங்கோ ஒரு தீவில் மூடியைத் திறக்கப்போகும் நாற்பது பெண்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே என் கையெழுத்து இருந்தது.

புதன்கிழமை மாலை அக்கா நான் தொடாத சோற்றுத் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார். சொன்னேன். முழுவதையும் சொன்னேன்.

"நில்லு, நில்லு. அப்ப மழைக்குப் பெட்டி ஓடாமல் நிண்டதோ, இல்லையோ?"

"ரெண்டு நிண்டது."

"எனக்குச் சொல்லேக்கையும் உனக்கு அது தெரியுமோ?"

"ஓம்."

"உனக்கு விசரே? நான் ஒண்டு அனுப்பச் சொன்னனான். மேல மேடை போட்டு என்னையும் எல்லோ ஏய்ச்சிருக்கிறாய்!" அக்கா தட்டை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "மீன் பழுதாய்ப் போன பெட்டியைத் திறந்த மணம் உனக்குத் தெரியுமோடா? நீ ஒரு நாளாவது கீழ வந்து மணந்தனியோ?"

ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேனா, தெரியவில்லை. அவர் கடையைப் பூட்டப் போய்விட்டார்.

வியாழக்கிழமை ஓல்ட்கேட் அறையில் அதே மேசை, அதே ஐவர். ஒருங்கிணைப்பாளர் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார், நான் தொடவில்லை. நான் எதுவும் எழுதிக்கொண்டு போகவில்லை. இந்த ஒரு தடவையாவது எழுதாமல் பேசவேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். எழுந்தபோதுதான் தெரிந்தது, எழுதாமல் எனக்குப் பேசவராது என்று.

"அன்று மழையைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு," என்று தொடங்கினேன். "அந்தப் பதில்... அது அவருடையது இல்லை. நான் எழுதினேன். அவர் வேண்டாம் என்று... இல்லை, வேண்டாம் என்று சொல்லவில்லை, தயங்கினார். பெட்டி நின்றது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அவரை அதைப் பாடமாக்க வைத்தேன்."

அவ்வளவுதான். என் வாழ்நாளில் நான் பேசியவற்றில் மிகக் குறுகியதும் மிக மோசமாக அமைந்ததும் அதுதான். பின்வரிசையில் யாரோ ஒருவரின் நாற்காலி கிரீச்சிட்டது. தலைவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார்.

திரையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். கிசுமுக்காரர்; அவருக்குப் பக்கத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு, மஞ்சள் தலைத்துணியோடு இன்னொருவர். சந்தையிலிருந்து அவரை அழைத்து வந்திருந்தார். என்னிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை.

"இவதான் அந்தப் பெட்டிக்காரி," என்றார். பிறகு அந்த வாரத்தைச் சொன்னார். எத்தனை நாள் வெயில் இல்லை, எந்தப் பெட்டி எப்போது நின்றது, பற்றரியை மாற்றியபின் எது சரியானது, எது இன்னும் தெரியாது. நடுவில் இரண்டு முறை சொல் வராமல் நின்றார், கையை விரிக்கவில்லை. மீன்காரப் பெண் பொறுமை இழந்து குறுக்கே ஏதோ நீளமாகச் சொன்னார்.

"என்ன சொல்கிறார்?" என்று தலைவர் கேட்டார்.

"பெட்டி நல்லதாம். ஆனா மழை வந்தால் பெட்டியும் தன்ரை புருசனைப் போல, விடியக்குள்ள சோர்ந்து போயிடுமாம்."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். குழுவினர் வெளியே போய் ஆலோசித்தார்கள். இருபது நிமிடம் இருக்கும். திரையில் இரு பெண்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த தலைவர் சுற்றி வளைக்கவில்லை. நாற்பது பெட்டிகள் இல்லை. இந்தச் சுற்றில் தேர்வும் இல்லை. குழுவுக்குக் கொடுத்த பதில் சரியில்லாதபோது அதை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. மழை முடிந்தபின், அந்த மழையில் எட்டுப் பெட்டிகளுக்கும் நாள்தோறும் நடந்ததை எழுதிக்கொண்டு வந்தால், பட்டறைக்கான விண்ணப்பத்தை மீண்டும் பார்ப்பார்கள். எழுதப்படும் தாளில் பழுதுகள் இருக்கவேண்டும் என்றார். வாக்குறுதி எதுவும் தரவில்லை. என் பக்கம் திரும்பி, நான் வழிகாட்டியாகத் தொடர்வதா என்பதை திரையில் இருக்கும் கிசுமுக்காரரே சொல்லட்டும் என்று முடித்தார்.

படியிறங்கி வெளியே வந்தேன். நடைபாதையில் மதிய உணவுக்காகப் போகும் கூட்டம், பஸ்களின் இரைச்சல். கைபேசி அடித்தது. அவர்தான்.

"பட்டறை போச்சு," என்றார்.

"ஓம்."

"அஞ்சு வாரம். பேய் பிடிச்சவள் மாதிரி மோட்டார் சைக்கிளில இருந்து முணுமுணுத்தன். அந்த நேரத்துக்கு நான் ரெண்டு பற்றரி கழட்டிப் பாத்திருக்கலாம். தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள்."

"மன்னிப்பை நான் என்ன செய்ய? குளிருமோ அது?" பின்னால் அந்த மீன்காரப் பெண் ஏதோ கேட்டார். இவர் ஏதோ பதில் சொன்னார். "நீங்கள் இருக்கிறதோ, போறதோ எண்டு அவை கேக்கினம். நான் என்ன சொல்ல? பேச்சு வேண்டாம், முவாலிமு. இனி என்ன செய்வியள் எண்டு சொல்லுங்கோ."

பேச்சு வேண்டாம் என்றபின் எனக்கு எஞ்சியது மிகக் கொஞ்சம். சுவரோரம் ஒதுங்கி நின்றேன். அவருக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகச் சத்தமாகவே, பக்கத்தில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, சொன்னேன்:

"மழை தொடங்கிற நாளில இருந்து முடியிற நாள் மட்டும், நீங்கள் எட்டுப் பெட்டியையும் திறக்கிற ஒவ்வொரு காலமையும் நான் லைனில இருப்பன். கேள்வி கேப்பன். நிண்டதை முதல் எழுதுவன், ஓடினதைப் பிறகு எழுதுவன். நீங்கள் சொன்ன சொல்லில மட்டும் எழுதுவன். என்ரை சொல் ஒண்டும் அதில இராது."